ஓடைக்கரை முழுக்க ஜயன்ட் ஹாக்வீட்: செம்மறியை விடலாமா?

கேள்வி: அண்ணா, ஸ்காட்லாந்தில் அபர்டீன்ஷயர் பக்கம், டீ ஆற்றில் சேரும் ஓர் ஓடையை ஒட்டிக் கொஞ்சம் நிலம் குத்தகைக்கு எடுத்திருக்கிறேன். இருபது செம்மறி நிற்கின்றன. ஓடைக்கரை முழுக்க ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து குடை மாதிரி வெள்ளைப் பூ விரித்த செடிதான். ஜயன்ட் ஹாக்வீட் என்கிறார் பக்கத்து நிலத்துக்காரர். நடுவில் ரோஸ் நிறப் பூவோடு இன்னொரு செடியும் மண்டிக் கிடக்கிறது. ஸ்டிரிம்மர் (கையில் பிடித்துப் புல் வெட்டும் மெஷின்) வாங்கி எல்லாவற்றையும் ஒரேயடியாக வெட்டித் தள்ளவா, ஆடுகளை உள்ளே விடவா? மேட்டில் பைன் மரங்களுக்குக் கீழே தரையோடு படர்ந்து, இரட்டை இரட்டையாக மணிப்பூ தொங்கும் சின்னக் கொடியும் இருக்கிறது. அதையும் எடுத்துவிட வேண்டுமா?

பதில்: தம்பி, ஸ்டிரிம்மரை மட்டும் தொடவே தொடாதீர்கள். ஹாக்வீட்டின் சாறு தோலில் பட்டு அதன்மேல் வெயிலும் பட்டால் ஒன்றிரண்டு நாளில் தீக்காயம் மாதிரி கொப்புளம் போட்டுவிடும், தழும்பு மாதக்கணக்கில் நிற்கும், அந்த இடம் வருடக்கணக்கில் வெயில் தாங்காது. ஸ்டிரிம்மர் அந்தச் சாற்றைத் தூறல் போல முகத்திலேயே அடிக்கும், கண்ணில் பட்டால் இன்னும் மோசம். நமக்குக் கறுத்த தோல்தானே, ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம், நமக்கும் பொத்துப்போகும். தண்ணீர் புகாத கையுறை, முழுக்கை, முகத்துக்கு மறைப்பு இல்லாமல் கிட்டப் போகாதீர்கள். சாறு பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவி, இரண்டு நாளாவது அந்த இடத்தில் வெயில் படாமல் மூடி வைத்து, கொப்புளம் வந்தால் டாக்டரிடம் காட்டுங்கள்.

ஆனால் முதலில் செடி அதுதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கே மண்ணுக்குச் சொந்தமான சாதா ஹாக்வீட்டும் உண்டு, அது பெரும்பாலும் இரண்டு மீட்டரைத் தாண்டாது, ஆடு மாடு விரும்பித் தின்னும், அதை அழிக்க வேண்டிய தேவையே இல்லை. ஜயன்ட் என்றால் தண்டில் ஊதாத் திட்டும் முரட்டு ரோமமும் இருக்கும், இலை ரம்பம் போலக் கூராக ஆழமாக வெட்டுப்பட்டிருக்கும், உயரம் ஐந்து மீட்டர் வரைகூடப் போகும். காகசஸ் மலைப்பக்கத்துச் செடி இது. 19ஆம் நூற்றாண்டில் அழகுக்கென்று பிரிட்டன் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தார்கள், அங்கிருந்து தப்பி ஆற்றங்கரைகளைப் பிடித்துக்கொண்டது.

இதன் வாழ்க்கையில் நமக்குச் சாதகமான விஷயம் ஒன்று உண்டு. மூன்று நான்கு வருடம் இலையாகவே நின்று, ஒரே ஒரு முறை பூத்து, விதை போட்டதும் செத்துவிடும். ஆனால் அந்த ஒரு தடவையில் சுமார் 20,000 விதை! ஆகவே இந்த வருடம் உங்கள் வேலை எல்லாம் பூவோடு நிற்கிற செடிகளில்தான் இருக்க வேண்டும். மொட்டிலேயே வெட்டினால் அடியிலிருந்து மறுபடி பூங்கிளை வரும், பூ முழுக்க விரிந்து விதை முற்றுவதற்குள் வெட்டுங்கள். வெட்டிய தலையைத் தரையில் போட்டால் அதிலேயே விதை முற்றிவிடும், பையில் கட்டி வையுங்கள். அதையும் வேர்மண்ணையும் சும்மா வெளியே கொண்டுபோய்க் கொட்டுவது அங்கே சட்டப்படி குற்றம், எப்படி ஒழிப்பது என்று கவுன்சிலில் கேளுங்கள். பூக்காத செடிகள் கொஞ்சமாக இருந்தால் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. ஆழத்தில் மண்வெட்டியால் ஆணிவேரைத் துண்டித்தாலே போதும்.

சரி, செம்மறிக்கு வருவோம். தாராளமாக விடலாம், ஆனால் இப்போது அல்ல. அடுத்த ஏப்ரலில், செடி கணுக்கால் உயரம் இருக்கும்போது விடுங்கள். இளந்தழையை ஆடு கடித்துக்கொண்டே இருக்க இருக்க வேரில் சேர்த்துவைத்த சத்து தீர்ந்துபோகும், பூவும் வராது. வெள்ளை முகத்து ஆடுகளுக்கு உதட்டிலும் மூக்கிலும் மடியிலும் புண் வரலாம், கறுப்பு முகத்து இனம் இதைக் கூடுதலாகத் தாங்கும். உங்கள் பக்கத்திலேயே மக்டஃப் ஊரில் அப்படிப்பட்ட ஆடுகளை விட்டுத்தான் 2019இலிருந்து மேய்த்துப் பார்த்தார்கள். வெறும் ஹாக்வீட்டிலேயே அடைத்து வைக்காதீர்கள், பக்கத்தில் நல்ல புல்லும் நிழலும் இருக்க வேண்டும். முதல் சில நாள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போகும், பிறகு தானாகப் பழகிக்கொள்ளும். வாயைத் தினமும் பாருங்கள், வீக்கம் தெரிந்தால் அந்த ஆட்டை நிழலுக்கு மாற்றிவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். மண்ணில் கிடக்கும் விதை சில வருடம் உயிரோடு இருப்பதால், ஒரு வருடம் மேய்த்து நிறுத்தினால் உழைப்பு வீண். டென்மார்க்கில் தொடர்ந்து 7 வருடம் செம்மறி மேய்ந்த இடத்தில்தான் செடி அற்றுப்போனது. குத்தகையை அதற்கேற்ற மாதிரி எழுதிக்கொள்ளுங்கள், காலியாகும் கரையில் உள்ளூர்ப் புல் விதையும் தூவுங்கள், இல்லாவிட்டால் குளிர்கால வெள்ளம் மண்ணை அரித்துவிடும்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அடிக்கலாமா என்றும் யோசிப்பீர்கள். வேலை செய்யும்தான், ஆனால் ஓடையோரம் என்பதால் ஸ்காட்லாந்தின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையான சேப்பாவிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும், அடிப்பவர் கையில் சான்றிதழும் இருக்க வேண்டும். டீ ஆறு சால்மன் மீன் வாழும் ஆறு, நான் ஆட்டையும் மண்வெட்டியையும்தான் சொல்வேன்.

ரோஸ் பூ செடி ஹிமாலயன் பால்சம் மாதிரித் தெரிகிறது, நம்மூர் காசித்தும்பையின் உறவு. காயைத் தொட்டால் வெடிப்பதும் அப்படியே, ஆனால் இது விதையை ஏழு மீட்டர் வரை எறியும். ஒரு வருடச் செடி, வேர் மேலாக இருக்கும், காய் பிடிப்பதற்குள் வேரோடு பிடுங்கித் தண்ணீருக்குத் தள்ளி மேட்டில் குவியுங்கள். விதை இரண்டு வருடம்போலத்தான் தாங்கும், விடாமல் பிடுங்கினால் ஒழியும். ஹாக்வீட் நடுவில் நிற்பதை மட்டும் கைவைக்காதீர்கள், ஹாக்வீட்டை வெட்டிய பிறகு பாருங்கள்.

பைன் மரத்தடிக் கொடியைத் தயவுசெய்து தொடாதீர்கள், தம்பி! நீங்கள் சொல்வதைப் பார்த்தால் ட்வின்ஃபிளவர், லின்னேயா போரியாலிஸ். ஸ்காட்லாந்தின் பைன் காடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் மிஞ்சியிருக்கிறது. ஒரு திட்டு முழுக்கப் பெரும்பாலும் ஒரே செடி படர்ந்ததுதான், தன் மகரந்தத்தால் தானே விதை பிடிக்காது, அடுத்த திட்டோ பூச்சி பறந்து போகமுடியாத தூரத்தில். பிடுங்கி வேறிடத்தில் நடவும் வேண்டாம். ஆட்டை விடும்முன் அந்த மேட்டைச் சுற்றி வேலி போட்டுவிட்டு, படம் எடுத்து உங்கள் வட்டாரத் தாவரப் பதிவாளருக்கு அனுப்புங்கள், அவர் வந்து பார்த்து உறுதி செய்வார்.

அப்புறம், ஓடைக்கு மேல் பக்கம் யாருடைய நிலம்? அங்கே ஹாக்வீட் நின்றால் ஒவ்வொரு மழைக்கும் விதை உங்கள் கரைக்குத்தான் மிதந்து வரும். அவரோடு பேசுங்கள், வட ஸ்காட்லாந்து ஆறுகளில் இதே வேலை செய்யும் ஸ்காட்டிஷ் இன்வேசிவ் ஸ்பீசீஸ் இனிஷியேட்டிவ் ஆட்களையும் கூப்பிடுங்கள். மேலிருந்து கீழாக வேலை நடக்க வழி பிறந்ததும் எழுதுங்கள், ஏப்ரலில் ஆட்டை எந்தத் துண்டில் முதலில் விடுவது என்று பார்ப்போம்.