நான்கு வாரத்தில் தொழில் முனைவு கைவருமா?

கேள்வி: நான் பொறியியல் இறுதியாண்டு மாணவன். சொந்தத் தொழில் தொடங்க வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று கோடை விடுமுறையில் நடத்தும் நான்கு வாரத் தொழில் முனைவுப் படிப்பில் எனக்கு இடம் கிடைத்திருக்கிறது. "அந்தப் பணத்தைத் தொழிலிலேயே போடு, தோற்றாலும் பாடமாவது மிஞ்சும்" என்கிறார் அப்பா. போகலாமா, வேண்டாமா?

பதில்: உங்கள் தந்தை சொல்வதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. சரஸ் சரஸ்வதி என்ற ஆய்வாளர், அனுபவம் மிக்க 27 தொழில் முனைவோரிடம் ஒரே கற்பனைத் தொழிலைக் கொடுத்து, அதை எப்படி நடத்துவீர்கள் என்று வாய்விட்டுச் சிந்திக்கச் சொன்னார். எவ்வளவு லாபம் வரும் என்று கணக்கிடுவதைவிட, எவ்வளவு போனாலும் நம்மால் தாங்க முடியும் என்பதிலிருந்தே அவர்களில் பலர் தொடங்கினார்கள். உங்கள் கேள்விக்கும் அதுவே சரியான அளவுகோல். சேமிப்பிலிருந்து எடுக்கும் பணம், போனாலும் வீடு தள்ளாடாது என்றால், மேற்கொண்டு யோசிக்கலாம். கடன் வாங்கித்தான் போக வேண்டும் என்றால் வேண்டாம் என்றே சொல்வேன். தொழிலில் வருமானமே இல்லாத தொடக்க மாதங்களில் தவணை கட்ட நேர்ந்தால், துணிந்து எதையும் செய்து பார்க்க மனம் வராது.

பணம் தடையில்லை என்றால், விளம்பர ஏட்டை மூடி வைத்துவிட்டு, நாள்வாரியான கால அட்டவணையைக் கேட்டு வாங்குங்கள். காலையில் விரிவுரை, மாலையில் ஏதேனும் ஒரு நிறுவனத்தின் கண்ணாடி அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தல், கடைசி நாளில் முதலீட்டாளர்கள் முன் ஐந்து நிமிட உரை, அதோடு ஒரு சான்றிதழ் என்று அட்டவணை இருந்தால், அது சுற்றுலா. (சுற்றுலா போவது குற்றமல்ல, அதைப் படிப்பு என்று வீட்டில் சொல்லாதவரை.) முதல் வாரத்திலேயே மாணவர்களை வகுப்பறைக்கு வெளியே அனுப்பி, வாடிக்கையாளராகக்கூடியவர்களிடம் பேசவைக்கும் படிப்பு வேறு வகை. பல தொழில்களை நடத்திவிட்டு ஆசிரியரான அமெரிக்கர் ஸ்டீவ் பிளாங்க் 2011இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கிய பாடம் இந்த வகையைச் சேர்ந்தது. அதே ஆண்டில் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை அந்த முறையை விஞ்ஞானிகளுக்கான ஐ-கோர் திட்டத்தில் எடுத்துக்கொண்டது. அதில் ஒவ்வொரு குழுவும் ஏழு வாரங்களில் ஏறத்தாழ 100 பேரைச் சந்தித்துப் பேச வேண்டும். நான்கு வாரத்தில் 30 பேரையாவது சந்திக்க வைக்காத படிப்புக்குத் தொழில் முனைவு என்ற பெயர் பொருந்தாது என்பது என் கருத்து.

மனிதர்களிடம் பேசுவதற்கு வெளிநாடு எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். சொந்த ஊரில் எல்லாம் தெரியும் என்ற நினைப்பு நம்மைக் கேள்வி கேட்கவிடுவதில்லை. அந்நிய ஊரில் அந்த நினைப்புக்கு இடமே இல்லை. எனக்குத் தெரிந்த மாணவி ஒருவர் நெதர்லாந்தில் இத்தகைய படிப்புக்குப் போயிருந்தார். பஞ்சரான சைக்கிளை இருக்கும் இடத்துக்கே வந்து சரிசெய்து தரும் செயலி என்பது அவருடைய குழுவின் திட்டம். 12,500 சைக்கிள்களை நிறுத்த இடமுள்ள உட்ரெக்ட் ரயில் நிலையத்து நிறுத்தகத்தின் வாசலில் நின்று, "இப்படியொரு செயலி வந்தால் பயன்படுத்துவீர்களா?" என்று கேட்டபோது, ஏறக்குறைய எல்லோருமே ஆமாம் என்றார்கள். மறுநாள் ஆசிரியரின் அறிவுரைப்படி கேள்வியை மாற்றி, "கடைசியாகப் பஞ்சரானபோது என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார். ஒருவர் பதில் சொல்லாமல் பையைத் திறந்து, ஒட்டுத்துண்டும் பசைக்குழாயும் இருந்த சின்ன டப்பாவை எடுத்துக் காட்டினார். அடுத்து வந்த பெண்மணி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடு சேர்ந்ததாகவும் கணவர் சரிசெய்ததாகவும் சொன்னார். காசு கொடுத்ததாகச் சொன்னவர் மிகச் சிலரே. முதல் நாள் கிடைத்த அத்தனை ஆமாமும் வெறும் மரியாதைக்குச் சொன்னவை என்று அவருக்கு அப்போதுதான் புரிந்தது. குழு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. அந்த ஒரு பிற்பகலுக்காகவே கட்டணம் தகும் என்று அவர் இன்றும் சொல்கிறார்; நானும் அதை ஏற்கிறேன்.

இரண்டு சிறு எச்சரிக்கைகள். குறுகிய காலப் படிப்புக்கான விசாவில் அங்கேயே பொருளை விற்றுப் பார்க்கலாம் என்று எண்ணாதீர்கள். உதாரணமாக, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான, 180 நாட்களில் 90 நாள் தங்க இடந்தரும் ஷெங்கன் குறுகிய கால விசா, வேலை செய்வதற்கான அனுமதி ஆகாது. அங்கு பெறும் மதிப்பலகுகளை (கிரெடிட்) உங்கள் கல்லூரி ஏற்குமா என்பதையும் புறப்படுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

தந்தையிடம் இப்போது வாதாட வேண்டாம். நீங்கள் தீர்க்க நினைக்கும் தொல்லை எதுவோ, அது இருக்கக்கூடிய 20 பேரை இந்த மாதமே சந்தித்து, கடைசியாக அது நேர்ந்தபோது என்ன செய்தார்கள், எவ்வளவு செலவழித்தார்கள் என்று கேட்டு, சொன்னதைச் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதுங்கள். அந்த நோட்டை அவரிடம் காட்டிவிட்டு விமானச் சீட்டைப் பற்றிப் பேசுங்கள். 20 பேரிடம் பேசவே மனம் வரவில்லை என்றால், இந்த ஆண்டு இடத்தை வேறொருவருக்கு விட்டுக்கொடுத்துவிடுங்கள்.