மார்பில் கட்டும் போலார் எச்10 பெல்ட்டை, ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா ஆப்பில் இணைத்து ஓடும்போதே இதயத்துடிப்பைப் பார்ப்பது எப்படி?

போனின் புளூடூத் செட்டிங்ஸில் இணைக்காதீர்கள், ஆப்புக்குள்ளிருந்துதான் இணைக்க வேண்டும். முதலில் பெல்ட்டின் உட்புறம் தோலில் படும் ரப்பர் பகுதியைத் தண்ணீரில் நன்றாக நனைத்து, மார்புக்குச் சற்றுக் கீழே, ஓடும்போது நழுவாத அளவுக்கு இறுக்கிக் கட்டுங்கள். காய்ந்திருந்தால் இதயத்தின் மின்சமிக்ஞை சரியாகக் கிடைக்காது, எண் தாறுமாறாகக் குதிக்கும். அப்புறம் ஸ்ட்ராவாவின் ரெக்கார்ட் திரையில் சென்சார் சேர்க்கும் இடத்துக்குப் போனால் எச்10 பெயர் வரும், அதைத் தொட்டால் போதும்.

ஆண்ட்ராய்டில் பெயரே வரவில்லையா? அருகிலுள்ள சாதனங்களுக்கான அனுமதியைப் பாருங்கள், பழைய ஆண்ட்ராய்டு என்றால் லொகேஷனும் ஆன் ஆகியிருக்க வேண்டும். அதுவும் சரி என்றால் வேறு ஆப்போ வாட்ச்சோ பெல்ட்டை ஏற்கெனவே பிடித்து வைத்திருக்கலாம். எச்10 ஒரே நேரத்தில் இரண்டு புளூடூத் இணைப்புகள் வரை தாங்கும், பல பெல்ட்டுகளுக்கு ஒன்றுதான்.

வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுபவர் என்றால் மணிக்கட்டு வாட்ச்சைவிட பெல்ட்டையே நம்புங்கள், வாட்ச்சின் ஒளி சென்சார் ஏற்ற இறக்கத்தைக் கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டும். ஓடி முடித்ததும் சென்சாரைப் பெல்ட்டிலிருந்து கழற்றி வையுங்கள், இல்லாவிட்டால் ஈரத்தில் அது விழித்தே இருந்து சிஆர்2025 பேட்டரியைத் தின்றுவிடும்.