பேஸ் வாசிப்பவர்களுக்கு: கேள்வி – பதில்

நான்கு ஸ்ட்ரிங் பேஸ் கிட்டாரை ஆறு ஆண்டுகளாக ஆலயப் பாடகர் குழுவில் வாசித்து வருகிறேன். ஐந்து ஸ்ட்ரிங் இல்லாவிட்டால் இனிமேல் கானமேளை என்னும் மேடைப் பாட்டு நிகழ்ச்சிகளுக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். மாற வேண்டுமா?
– வாசகர், மார்த்தாண்டம்

முதலில், நீங்கள் ஓராண்டில் வாசிக்கும் பாடல்களின் சுருதிகளை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். நான்கு ஸ்ட்ரிங் பேஸில் திறந்த 'ஈ' ஸ்ட்ரிங் தரும் 41 ஹெர்ட்ஸ்தான் அடிமட்டம். ஐந்தாவதாக வரும் 'பி' ஸ்ட்ரிங் அதை 31 ஹெர்ட்ஸ் வரை இறக்குகிறது. ஆலயப் பாடல்கள் பல ஈ ஃபிளாட்டில் இருக்கின்றன. அந்தப் பாடல்களின் ஆதார சுரம் உங்கள் கிட்டாரின் அடிமட்டத்துக்கு அரைச் சுரம் கீழே போய்விடுவதால், சரணம் முடிந்து எல்லாக் குரல்களும் வந்து இறங்கும் இடத்தில் நீங்கள் மட்டும் மேல் ஸ்தாயிக்கு ஏறி நிற்க வேண்டியிருக்கிறது. இப்படிப்பட்ட பாடல்கள் உங்கள் பட்டியலில் நிறைய இருந்தால் ஐந்து ஸ்ட்ரிங் உங்களுக்கு உண்மையாகவே பயன்படும். ஒன்றிரண்டுதான் என்றால் அந்தப் பாடல்களுக்கு மட்டும் ஈ ஸ்ட்ரிங்கை ஒரு சுரம் இறக்கி 'டி'யில் வைத்துக்கொள்ளலாம், செலவே இல்லை.

வாங்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நம் பக்கத்து மைக்செட்களில் வரும் ஸ்பீக்கர் பெட்டிகள் பல 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே பலமிழந்துவிடுகின்றன. ஆகவே 'பி' ஸ்ட்ரிங்கின் ஆழத்தை நீங்கள் வீட்டு ஹெட்போனில் கேட்பதுபோலச் சபையார் கேட்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், நீங்கள் வாசிக்காத நேரத்தில் அந்தத் தடித்த ஸ்ட்ரிங் தானாக அதிர்ந்து எல்லாச் சுரத்தையும் கலக்கிவிடும். ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின்னொலியாக மாற்றும் பிக்கப்பின்மேல் வலது கைப் பெருவிரலை ஊன்றி வைக்கும் பழக்கத்தை விட்டு, மேல் ஸ்ட்ரிங்குகளுக்குப் போகும்போது பெருவிரலும் கூடவே இறங்கி 'பி' ஸ்ட்ரிங்கின்மேல் சாய்ந்து அதை அடக்கிக்கொண்டிருக்கும்படி கையைப் பழக்க வேண்டும். இதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள். அதன் பிறகு மேடைக்குக் கொண்டு போங்கள்.

பங்குத் திருவிழா மேடைகளில், குறிப்பாக ஜெனரேட்டரில் ஓடும்போது, என் பேஸிலிருந்து 'ம்ம்ம்' என்ற இரைச்சல் விடாமல் வருகிறது. மைக்செட்காரர் என் ஒலியையே குறைத்துவிடுகிறார். என்ன செய்வது?
– வாசகர், களியக்காவிளை

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும். இதில் ஒலியோடு உயிரும் சம்பந்தப்பட்டிருக்கிறது.

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் ஓடுகிறது. ஆகவே மின் இணைப்பிலிருந்து வரும் இரைச்சலும் 50 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் கேட்கிறது. ஈ ஸ்ட்ரிங்கின் மூன்றாம் ஃபிரெட்டில் (ஃபிரெட் என்பது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) நீங்கள் வாசிக்கும் 'ஜி' சுரம் 49 ஹெர்ட்ஸ். இரண்டும் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பதால், மிக்சரில் அடியொலியை வெட்டினால் இரைச்சலோடு உங்கள் வாசிப்பும் சேர்ந்தே போகும். மைக்செட்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. இரைச்சல் பிறக்கும் இடத்தை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கிட்டாரின் வால்யூமை முழுவதும் குறைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது பிக்கப் வழியாக வருகிறது. ஜாஸ் பேஸ் வகைக் கிட்டாராக இருந்தால் இரண்டு பிக்கப்களின் வால்யூமையும் முழுக்கத் திறந்து வையுங்கள்; பெரும்பாலான கிட்டார்களில் அவை ஒன்றுக்கொன்று எதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அழித்துவிடும். மேடை ஓரத்தில் கட்டிய சீரியல் விளக்குகளும் டிம்மர் பெட்டியும் அருகில் இருந்தால், நின்ற இடத்திலேயே கால் வட்டம் திரும்பி நின்று பாருங்கள். இரைச்சல் பாதியாகக் குறையும் திசை ஒன்று அநேகமாக இருக்கும்.

வால்யூமைக் குறைத்த பிறகும் இரைச்சல் தொடர்ந்தால் வயரை மாற்றிப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், மேடையில் உங்கள் ஆம்ப் ஒரு பிளக்கிலும், மைதானத்தின் நடுவே மிக்சர் வேறொரு பிளக்கிலும் மின்சாரம் எடுக்க, இரண்டின் எர்த் பாதைகளும் ஒலி வயர் வழியாக வளையமாகச் சேர்ந்திருக்கக்கூடும். கிட்டாருக்கும் மிக்சருக்கும் இடையில் இணைக்கும் டி.ஐ. பாக்ஸ் என்ற சிறு பெட்டியில் உள்ள கிரவுண்ட் லிஃப்ட் பொத்தானை அழுத்தினால் அந்த வளையம் அறுபடும். நல்ல டி.ஐ. பாக்ஸ் ஒன்றைச் சொந்தமாக வாங்கிக் கிட்டார் பையிலேயே வைத்திருங்கள். பெரிய ஆம்ப் வாங்கச் சேர்த்துவைத்த பணத்தில் ஒரு பகுதியை இதற்குச் செலவிடலாம் என்று நான் துணிந்து சொல்வேன்.

இரைச்சலை நிறுத்த, பிளக்கின் எர்த் முனையை முறிக்கும் வழக்கத்தை மட்டும் ஒருநாளும் அனுமதிக்காதீர்கள். பல ஆண்டுகளுக்கு முன், கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு கோயில் மேடையில், கை ஸ்ட்ரிங்குகளின்மேல் இருக்க, பின்பாட்டுப் பாடுவதற்காக மைக்கின் அருகே குனிந்தேன். உதடு பட்டதும் பல் வரை ஓர் அதிர்ச்சி ஓடியது. வாயில் இரும்பு நக்கியதுபோன்ற சுவை அன்று இரவு முழுவதும் போகவில்லை. பிறகு பார்த்தபோது என் ஆம்பின் மூன்று முனைப் பிளக்கில் இரண்டு முனைகளே இருந்தன. மழை ஈரத்தில் வெறுங்காலோடு நின்றிருந்தால் இந்தப் பதிலை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். வாசிக்கத் தொடங்கும் முன் ஸ்ட்ரிங்கிலும் மைக்கின் கம்பி வலையிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். எரிந்தால் கிட்டாரைக் கீழே வைத்துவிட்டு மைக்செட் அண்ணனைக் கூப்பிடுங்கள். எரியாவிட்டாலும், ஜெனரேட்டருக்கு எர்த் அடித்திருக்கிறதா என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பொறுப்பானவர் யாரும் அந்தக் கேள்விக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கடற்கரைக்கு அருகில் வீடு. புது ஸ்ட்ரிங் ஒரு மாதத்தில் துருப்பிடிக்கிறது. மழை தொடங்கியதும் ஃபிரெட்டுகளில் ஸ்ட்ரிங் உரசுகிறது.
– வாசகர், குளச்சல்

உப்புக் காற்றும் விரல் வியர்வையும் சேர்ந்து செய்யும் வேலை இது. வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணி ஒன்றால் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கையும் மேலிருந்தும், துணியை அடியில் நுழைத்துக் கீழிருந்தும் துடையுங்கள். தட்டையான கம்பி சுற்றிய, வழவழப்பான ஃபிளாட்வவுண்ட் ஸ்ட்ரிங்குகளில் அழுக்கும் ஈரமும் தங்கப் பள்ளங்கள் இல்லை. அவை ஆண்டுக்கணக்கில் உழைக்கும். மோடவுன் என்ற அமெரிக்க நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஃபிளாட்வவுண்ட் ஸ்ட்ரிங்குகளை அறுந்துபோகும் வரை மாற்றாமலேயே வைத்திருந்தவர். பளிச்சென்ற ஒலி கொஞ்சம் குறையும் என்றாலும், ஆலயத்துக்கும் பழைய திரைப்பாடல்களுக்கும் அந்த உருண்ட, மெத்தென்ற ஒலியே பொருந்துகிறது என்பது என் எண்ணம்.

நெக், அதாவது கிட்டாரின் கழுத்து விஷயம் வேறு. நமக்கு ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் இன்னொரு மழை. ஒவ்வொரு முறையும் மரம் ஈரத்தை இழுத்து, நெக்கின் வளைவு மாறுகிறது. ஈ ஸ்ட்ரிங்கை முதல் ஃபிரெட்டிலும் நெக் உடலோடு சேரும் ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்திப் பிடித்து, ஏழாம் ஃபிரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு இலேசாக நுழைந்தால் சரி. இடைவெளியே இல்லை என்றால் நெக்கின் உள்ளே ஓடும் டிரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் தளர்த்த வேண்டும். கார்டு ஆடினால் முறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் திருப்பாதீர்கள். திருப்பிய பின் ஒருநாள் விட்டு மறுபடி பாருங்கள். மரம் மெதுவாகத்தான் நகரும். கை கடினமாக உணர்ந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு, வேலை தெரிந்தவரிடம் கொண்டு செல்லுங்கள்.

ஆக்டிவ் பேஸ் வாங்கினேன். 9 வோல்ட் பேட்டரி இரண்டே வாரத்தில் தீர்ந்துவிடுகிறது.
– வாசகர், பாறசாலை

வாசித்து முடித்ததும் வயரைக் கிட்டாரிலிருந்து கழற்றிவிடுங்கள். வயர் செருகியிருக்கும் வரை, உள்ளே பேட்டரியில் ஓடி ஒலியைப் பலப்படுத்தும் பிரீஆம்ப் விழித்தே இருக்கும். ஒலி கரகரக்கத் தொடங்கினால் பேட்டரி இறங்குகிறது என்று பொருள். பையில் எப்போதும் இன்னொன்று இருக்கட்டும்.

கானமேளையில் பாடகர் மேடைக்கு வந்த பிறகு, "இன்று ஒரு கட்டை இறக்கிக்கொள்ளுங்கள்" என்கிறார். எழுதிவைத்த நோட்டெல்லாம் வீணாகிறது.
– வாசகி, குழித்துறை

சுரங்களின் பெயரை எழுதாமல், ஆதார சுரத்திலிருந்து எத்தனையாவது என்று எண்களாக எழுதுங்கள்: 1, 4, 5, 6 என்று. பேஸின் ஸ்ட்ரிங்குகள் எல்லாம் சம இடைவெளியில், ஒவ்வொன்றும் நான்காம் சுரத்தில் சேர்க்கப்பட்டிருப்பதால், திறந்த ஸ்ட்ரிங்கைத் தொடாமல் வாசிக்கப் பழகிவிட்டால் கையின் வடிவம் அப்படியே இருக்க, இடம் மட்டும் நகரும். ஒரே பாடலைத் தினமும் நான்கு சுருதிகளில் வாசித்துப் பாருங்கள். மலையாளப் பாட்டும் தமிழ்ப் பாட்டும் மாறி மாறி வரும் நம் மேடைகளில் இந்தப் பயிற்சிக்கு இணையானது வேறொன்று இல்லை.

திருவனந்தபுரத்தில் ஒரு நிகழ்ச்சியில், பெரிய வயலின் போலிருக்கும் டபுள் பேஸைக் கேட்டதிலிருந்து அதன் நினைவாகவே இருக்கிறேன். பேஸ் கிட்டார் வாசிக்கத் தெரியும். கற்றுக்கொள்ள முடியுமா?
– கல்லூரி மாணவர், நாகர்கோவில்

கட்டாயம் முடியும். ஈ, ஏ, டி, ஜி என்ற அதே நான்கு ஸ்ட்ரிங்குகள்தாம். பாடலுக்கு அடியில் எங்கே நிற்க வேண்டும் என்ற உங்கள் அறிவு அப்படியே கூட வரும். ஆனால் கைக்கு எல்லாமே புதிது. பேஸ் கிட்டாரில் 34 அங்குலமாக இருக்கும் ஸ்ட்ரிங் நீளம் டபுள் பேஸில் ஏறத்தாழ 41, 42 அங்குலமாகிறது, ஃபிரெட்டும் கிடையாது. அதனால் கழுத்தின் கீழ்ப்பகுதியில் டபுள் பேஸ் ஆசிரியர் ஃபிரான்ஸ் சிமாண்டல் வகுத்த முறைப்படி ஒன்று, இரண்டு, நான்கு என்ற விரல்களையே பயன்படுத்துகிறார்கள்; மூன்றாம் விரல் சுண்டுவிரலுக்குத் துணையாக நிற்கும். சுருதிப் பெட்டியில் ஆதார சுரத்தை ஓடவிட்டு, ஒவ்வொரு சுரத்தையும் வில்லால் நீளமாக இழுத்துப் பழகுங்கள். விரலால் மீட்டும்போது மறைந்துவிடும் பிசகை வில் மறைக்காது. எனக்குக் காது திறந்தது அப்போதுதான்.

நம் காற்றில் ஈரம் அதிகம். முழு மரத்தில் செதுக்கிய விலையுயர்ந்த கருவியைவிட, பிளைவுட் உடல் கொண்ட முக்கால் அளவுக் கருவியையே தேடுங்கள். அது வெடிக்கும் வாய்ப்பு குறைவு. மேடையில், கருவியின் மர அதிர்வைப் பிடிக்கும் பீசோ பிக்கப்பை நேராக மிக்சரில் செருகினால் ஒலி மெலிந்து மூக்கால் பேசுவதுபோல் கேட்கும். 1 மெகா ஓமுக்குக் குறையாத உள்ளீடு கொண்ட பிரீஆம்ப் இடையில் வேண்டும். அதிலேயே 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் வசதி இருந்தால் ஊளையும் அடங்கும். ஆளுயரம் உள்ள கருவி ஆதலால் பேருந்தில் போக முடியாது. கச்சேரிக்குக் கூலி பேசும்போதே வண்டி வாடகையைச் சேர்த்துப் பேசிவிடுங்கள்.

கருவிக்குள்ளே, ஸ்ட்ரிங்குகளைத் தாங்கி நிற்கும் மரப்பாலமான பிரிட்ஜின் ஒரு காலுக்குச் சற்றுக் கீழே, மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் இடையில் விரல் தடிமனில் ஒரு மரக் குச்சி நிற்கும். பசை எதுவும் கிடையாது. ஸ்ட்ரிங்குகளின் அழுத்தம்தான் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் ஸ்ட்ரிங் மாற்றும்போது ஒவ்வொன்றாகவே மாற்றுங்கள். வண்டியிலிருந்து இறக்கும்போது உள்ளே ஏதோ உருளும் சத்தம் கேட்டால் குச்சி விழுந்துவிட்டது என்று அறிந்து, உடனே நான்கு ஸ்ட்ரிங்குகளையும் தளர்த்திவிடுங்கள். இல்லாவிட்டால் அந்த அழுத்தத்தில் மேல்பலகை அமுங்கிவிடும். மறுபடி நிறுத்துவதற்கு, வயலின், செல்லோ பழுதுபார்ப்பவரிடமே கொண்டு செல்ல வேண்டும். நீங்களாகக் கம்பி விட்டு முயன்று பார்க்க வேண்டாம்.