பேரணாம்பட்டு டேனரிக்கு ‘பீஸ்’ மானியம்: தணிக்கை முதலில், கம்ப்ரஸர் அப்புறம்

கேள்வி: பேரணாம்பட்டில் வாடகை ஷெட்டில் தோல் பினிஷிங் ஜாப் ஒர்க் செய்கிறோம். ஆறு டிரம், தோலை இழுத்துக் காயவைக்கும் டாகிள், ஸ்ப்ரே, விறகு பாய்லர், பழைய 30 எச்.பி. ஸ்க்ரூ கம்ப்ரஸர் இருக்கின்றன. மாதம் 1.3 லட்சம் ரூபாய் கரண்ட் பில் வருகிறது. கம்ப்ரஸர் விற்பவர் ஒருவர், “இப்போதே மாற்றிவிடுங்கள், பாதிப் பணத்தை அரசாங்கம் கொடுத்துவிடும், பேப்பர் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்கிறார். நம்பி வாங்கலாமா? டிரம் மோட்டார்களையும் சேர்த்து மாற்றலாமா?

பதில்: பாதிப் பணம் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அவர் சொல்லும் வரிசையில் போனால் கிடைக்காது.

அவர் சொல்வது தமிழ்நாடு அரசின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் துறை நடத்தும் ‘பீஸ்’ திட்டம். இதில் இரண்டு மானியம் உண்டு. எரிசக்தித் தணிக்கைக்கு (கரண்ட்டும் எரிபொருளும் எங்கே வீணாகிறது என்று அளந்து சொல்லும் ஆய்வு) நீங்கள் கொடுத்த கட்டணத்தில் 75 சதவீதம், அதிகபட்சம் 1 லட்சம் ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். அந்தத் தணிக்கை அறிக்கை எந்த இயந்திரத்தை மாற்றச் சொல்கிறதோ, அதை வாங்கிப் பொருத்திய செலவில் 50 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆக, அறிக்கை பரிந்துரைக்காத கம்ப்ரஸருக்கு மானியமே இல்லை. இன்வாய்ஸ் தேதி அறிக்கைக்கு முந்தியதாக இருந்தால் உங்கள் கோப்பு அங்கேயே நின்றுவிடும். விற்பனையாளருக்கு இந்த மாதக் கணக்கில் ஒரு மெஷின் போக வேண்டும், அவர் அவசரம் அவருக்கு.

இது திரும்பக் கிடைக்கும் பணம் என்பதையும் மறக்க வேண்டாம். முழுத் தொகையையும் முதலில் நீங்கள்தான் போட வேண்டும். மானியம் வரும்வரை அந்தப் பணம் முடங்கியிருக்கும். அதனால் மானியம் இல்லாமலே மூன்று வருடத்துக்குள் முதலைத் திருப்பித் தராத மெஷினை மானியத்துக்காக வாங்காதீர்கள்.

இனி கம்ப்ரஸர். மாற்றுவதற்கு முன்பு, காசு செலவில்லாமல் நீங்களே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. வேலை முடிந்ததும் ஸ்ப்ரே கன், காற்றில் இயங்கும் சிலிண்டர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். லைன் வால்வுகள் திறந்தே இருக்கட்டும். கம்ப்ரஸரை மட்டும் ஓட விடுங்கள். காற்றை யாரும் பயன்படுத்தாதபோதும் அது லோடு ஆகும் (காற்றை அழுத்தி நிரப்பும்), அன்லோடு ஆகும் (காற்றை அழுத்தாமல் சும்மா ஓடும்). லோடில் எத்தனை விநாடி, அன்லோடில் எத்தனை விநாடி என்று பத்து முறை குறித்து சராசரி எடுங்கள். லோடு நேரத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் கசிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். லோடு 40 விநாடி, அன்லோடு 80 விநாடி என்றால், 120-இல் 40, அதாவது மூன்றில் ஒரு பங்கு காற்று ஓட்டை வழியாகப் போகிறது. பராமரிப்பு இல்லாத லைனில் 20 முதல் 30 சதவீதம் கசிவு சாதாரணம். 30 எச்.பி. என்பது 22 கிலோவாட். அதில் மூன்றில் ஒரு பங்கு 7 கிலோவாட்டுக்குக் கொஞ்சம் மேல். நாளைக்கு 10 மணி நேரம், வருடத்துக்கு 300 நாள் என்றால் 21,000 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று வைத்தாலும் (உங்கள் பில்லில் உள்ள விலையைப் போட்டுப் பாருங்கள்) வருடத்துக்கு 1.68 லட்சம் ரூபாய்.

கசிவு பெரும்பாலும் ஹோஸ் கிளாம்ப், குயிக் கப்ளர், டிரெயின் வால்வு, பழைய நூல் சுற்றிய இணைப்புகளில்தான் இருக்கும். சோப்புத் தண்ணீரைப் பிரஷ்ஷால் தடவினால் குமிழி காட்டிக்கொடுக்கும். 7 கிலோ பிரஷரில் 3 மி.மீ. ஓட்டை ஒன்றே 3 முதல் 4 கிலோவாட்டைத் தின்றுவிடும். அடுத்தது பிரஷர் செட்டிங். கம்ப்ரஸர் 8 கிலோவில் ஓடும், கன்னுக்கு முன்னால் ரெகுலேட்டர் வைத்து அதை 4 கிலோவுக்குக் குறைத்திருப்பார்கள். ஷெட்டில் வேறு எதற்கும் அதிகப் பிரஷர் தேவையில்லை என்றால் செட்டிங்கை அரை அரை கிலோவாகக் குறைத்துப் பாருங்கள். ஒரு கிலோ குறைத்தால் கம்ப்ரஸர் எடுக்கும் கரண்ட்டில் 6 முதல் 7 சதவீதம் குறையும்.

தணிக்கைக்கு முன்பே இதைச் செய்யச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கசிவோடு அளந்தால் தணிக்கையாளர் 22 கிலோவாட்டுக்குப் பதில் 22 கிலோவாட் என்றே எழுதுவார். கசிவை அடைத்த பிறகு அளந்தால் 15 கிலோவாட் போதும் என்று வர வாய்ப்பு அதிகம். அரசு பாதி தருகிறது என்பதற்காகத் தேவைக்கு மேல் பெரிய மெஷின் வாங்கினால், மீதிப் பாதி உங்கள் பணம், பிறகு மாதாமாதம் வரும் அன்லோடு கரண்ட்டும் உங்கள் பணம். அன்லோடில் சும்மா ஓடும் ஸ்க்ரூ கம்ப்ரஸர்கூட முழு லோடில் எடுப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கரண்ட்டை எடுத்துக்கொண்டே இருக்கும். வேகத்தை மாற்றும் வி.எஃப்.டி. வகை கம்ப்ரஸர், காற்றுத் தேவை ஏறி இறங்கும் ஷெட்டுக்குத்தான் லாபம். நாள் முழுக்க ஒரே சீராக முழு லோடில் ஓடினால் வி.எஃப்.டி.யே சில சதவீதம் கரண்ட்டை எடுத்துக்கொள்ளும்.

ஆனால் கசிவை அடைக்கும் முன் பழைய நிலையைப் பதிவு செய்துவிடுங்கள். கடைசி 12 மாத பில், அந்தந்த மாதம் பினிஷ் செய்து அனுப்பிய சதுர அடி, இவை இரண்டும் போதும். 1,000 சதுர அடிக்கு எத்தனை யூனிட் என்று ஒரு எண் வரும். சேமிப்பை நிரூபிக்கச் சொல்லும் எந்தத் திட்டத்துக்கும் அடிப்படை அந்த எண்தான். பில் தொகையை மட்டும் காட்டினால், ஆர்டர் குறைந்ததால் பில் குறைந்ததா, மெஷினால் குறைந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

டிரம் மோட்டார்களில் ஆறையும் ஒரேயடியாக மாற்ற வேண்டியதில்லை. 15 எச்.பி., அதாவது 11 கிலோவாட் மோட்டாரை எடுத்துக்கொள்வோம். நான்கு போல் ஐ.இ.3 (உயர் மின்திறன் வகுப்பு) மோட்டாரின் திறன் 91.4 சதவீதம். இரண்டு மூன்று முறை காயில் கட்டிய பழைய மோட்டார் 85 சதவீதத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். முக்கால் லோடில் வித்தியாசம் 0.68 கிலோவாட். வருடத்துக்கு 3,600 மணி நேரம் ஓடும் டிரம்மில் 2,450 யூனிட், சுமார் 19,500 ரூபாய் மிச்சமாகும். மோட்டார் விலை 55,000 ரூபாய் என்றால் மூன்று வருடத்துக்குள் முதல் திரும்பிவிடும். அதே மோட்டார், விட்டு விட்டு ஓடும் டிரம்மில் வருடத்துக்கு 1,500 மணி நேரம்தான் ஓடுகிறது என்றால் மிச்சம் 8,000 சொச்சம்தான். முதல் திரும்ப ஆறேழு வருடம் ஆகும். எனவே எச்.பி.யைப் பார்க்காமல் ஓடும் மணி நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். சில நூறு ரூபாய்க்கு ஹவர் மீட்டர் கிடைக்கும். ஒவ்வொரு ஸ்டார்ட்டரிலும் ஒன்று மாட்டி ஒரு மாதம் பாருங்கள். குறைவாக ஓடும் மோட்டார்கள் எரியும்வரை ஓடட்டும். எரிந்ததும் மறுபடி காயில் கட்டாமல் ஐ.இ.3 வாங்குங்கள்.

டிரம்முக்கு வி.எஃப்.டி. போட்டால் கரண்ட் பாதியாகும் என்று சொன்னால் நம்ப வேண்டாம். விசிறியிலும் சென்ட்ரிஃப்யூகல் பம்ப்பிலும்தான் வேகத்தை 80 சதவீதமாகக் குறைத்தால் மின்தேவை ஏறக்குறைய பாதியாகும். டிரம்மில் வேகம் குறைந்த அளவுக்குத்தான் மின்தேவை குறையும். தோலுக்கு அத்தனை சுற்று தேவை என்றால் குறைந்த வேகத்தில் அதிக நேரம் ஓடும், மொத்தக் கணக்கு அதேதான். மெதுவாகக் கிளம்புவதால் பெல்ட்டும் கியரும் பிழைக்கும், அந்த லாபம் உண்மை. டாகிள் டிரையர் விசிறிக்கு வி.எஃப்.டி. நல்லது. ஸ்ப்ரே பூத் எக்ஸாஸ்ட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். காற்றோட்டம் குறைந்தால் சால்வென்ட் புகை ஆட்களின் மூக்குக்குப் போகும், தீப்பிடிக்கும் அபாயமும் உண்டு.

‘பவர் சேவர்’ என்று பெட்டி விற்க வருபவர்கள் கொண்டுவருவது பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். பவர் ஃபேக்டர் (வாங்கும் மின்சாரம் எந்த அளவுக்கு வேலைக்குப் பயன்படுகிறது என்ற விகிதம்) குறைவால் பில்லில் அபராதம் ஏறியிருந்தால் கெப்பாசிட்டர் அதை நீக்கும். யூனிட்டைக் குறைக்காது. முதலில் பில்லில் அந்த வரியைப் பாருங்கள்.

நீங்கள் கேட்கவில்லை என்றாலும் பாய்லரைப் பற்றி ஒரு வார்த்தை. நீராவி குளிர்ந்து சுடுதண்ணீராகத் திரும்பி வரும் கண்டன்சேட்டைச் சாக்கடையில் விடாமல், பாய்லருக்குத் தண்ணீர் தரும் ஃபீட் டேங்குக்குக் கொண்டுவாருங்கள். ஃபீட் தண்ணீரின் சூடு 6 டிகிரி ஏறினால் விறகு சுமார் 1 சதவீதம் மிச்சம். 30 டிகிரியிலிருந்து 60-க்குப் போனால் 5 சதவீதம்.

தணிக்கையாளர் மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகத்தின் (பி.இ.இ.) சான்று பெற்றவராக இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிப் பணியகத்தின் இணையதளப் பட்டியலில் சரிபாருங்கள். கட்டணம் 80,000 என்றால் 60,000 திரும்பக் கிடைக்கும். 1.5 லட்சம் என்றால் 75 சதவீதம் 1,12,500 ஆகிறது, ஆனால் உச்சவரம்பால் 1 லட்சம்தான். திட்டமிடும்போது ஜி.எஸ்.டி. இல்லாத தொகையை வைத்தே கணக்குப் போடுங்கள். கம்ப்ரஸர் விற்பவரே தணிக்கையாளரையும் கூட்டிவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அறிக்கையில் எந்த நிறுவனத்தின் பெயரும் இருக்கக் கூடாது. கொள்ளளவு, பிரஷர், ஒரு கன மீட்டர் காற்றுக்கு எவ்வளவு கிலோவாட், மோட்டார் வகுப்பு, எதிர்பார்க்கும் யூனிட் சேமிப்பு ஆகியவை இருக்க வேண்டும். பிறகு இன்வாய்ஸில் உள்ள விவரமும் அறிக்கையில் உள்ளதும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். அறிக்கையில் 15 கிலோவாட், இன்வாய்ஸில் 18.5 கிலோவாட் என்றால் விளக்கம் கேட்டுக் கோப்பு திரும்பி வரும்.

விண்ணப்பம் மாவட்டத் தொழில் மையம் வழியாகப் போகும். பழைய வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றாகப் பிரிந்ததால் இதில் பலர் அலைகிறார்கள். பேரணாம்பட்டு, குடியாத்தம், காட்பாடி என்றால் வேலூர். ஆம்பூர், வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். மேல்விஷாரம், வாலாஜா, ஆற்காடு என்றால் ராணிப்பேட்டை. தணிக்கைக்குப் பணம் கட்டும் முன்பே அங்கே போய், அன்றைக்கு நடப்பிலுள்ள வழிகாட்டுதலையும் எத்தனை மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுக்குச் சிக்கல் வரக்கூடிய இடம் வாடகை ஷெட். ஈ.பி. இணைப்பு ஷெட் உரிமையாளர் பெயரில் இருக்கும், உத்யம் பதிவு (குறு, சிறு, நடுத்தர நிறுவனப் பதிவு) உங்கள் பெயரில், ஜி.எஸ்.டி. ஒருவேளை கூட்டு நிறுவனத்தின் பெயரில் இருக்கும். இந்த மூன்றையும் இணைக்கும் பதிவு செய்த குத்தகை ஒப்பந்தமும், மின் இணைப்பை நீங்கள் பயன்படுத்துகிறீர்கள் என்ற உரிமையாளரின் கடிதமும் கையில் இருக்கட்டும். குத்தகை அடுத்த வருடமே முடிகிறது என்றால் முதலில் அதை நீட்டியுங்கள். பணம் எல்லாமே வங்கி வழியாகப் போகட்டும். ரொக்கமாகக் கொடுத்த முன்பணத்தை மானியக் கணக்கில் காட்ட முடியாது. அறிக்கையில் ‘பழையதற்குப் பதிலாக’ என்று தெளிவாக எழுதச் சொல்லுங்கள். உற்பத்தித் திறன் கூடுகிறது என்று பொருள்படும்படி இருந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணையைப் பற்றிய கேள்வி வரும்.

கையில் பணம் இல்லாமல் கடன் எடுத்துத்தான் மாற்ற முடியும் என்றால் எரிசக்தியை மிச்சப்படுத்தும் இயந்திரக் கடனுக்கு வட்டியில் உதவும் மத்திய அரசின் ‘அடீட்டி’ திட்டத்தையும் பாருங்கள். 2025 ஜூலையில் 1,000 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் தொடங்கியது. 14 தொழில் பிரிவுகளில் தோலும் ஒன்று. குறு, சிறு நிறுவனங்களுக்கு வட்டியில் 5 சதவீதமும், நடுத்தர நிறுவனங்களுக்கு 3 சதவீதமும் அரசு ஏற்கும். குறைந்தது 10 சதவீத எரிசக்திச் சேமிப்பைக் காட்ட வேண்டும். முதல் கட்டத்தில் 60 தொழில் தொகுப்புகள்தான் (ஒரே தொழில் குவிந்திருக்கும் பகுதிகள்). உங்கள் தொகுப்பு பட்டியலில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வங்கிக்குப் போங்கள். ஒரே இன்வாய்ஸை இரண்டு திட்டத்திலும் காட்டலாமா என்பதைத் தொழில் மையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடைசியாக, கழற்றிய பழைய கம்ப்ரஸரையும் மோட்டார்களையும் ஆய்வு முடியும்வரை பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். பெயர்ப் பலகை தெரியும்படி பழையதையும் புதியதையும் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஷெட்டின் ஓரத்தில் தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள்.