சாம்பிள் ரேட்டும் டைம்ஸ்டாம்பும்: கேள்வி பதில்

கே: சிக்னலை அளந்து கணினிக்கு எண்களாக அனுப்பும் டேட்டா அக்விசிஷன் கார்டில் 44,100 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 44,100 அளவீடு (சாம்பிள்) கேட்டேன். திருப்பிப் படித்தால் 44,101.43 என்கிறது. கார்டு பழுதா?

ப: இல்லை. உங்கள் கார்டின் கிளாக் 80 மெகாஹெர்ட்ஸ்; அதை முழு எண்ணால்தான் வகுக்க முடியும். 8 கோடியை 44,100-ஆல் வகுத்தால் 1814.06. கார்டு 1814-ஐ எடுத்துக்கொண்டது. ஒரு மணி நேரத்தில் 5,160 சாம்பிள் கூடுதலாக வந்து நிற்கும். 44,100 என்றே நம்பினால் நேரம் 0.117 வினாடி பிசகும். கேட்ட ரேட்டை எழுதாதீர்கள், திருப்பிப் படித்ததை எழுதுங்கள். 44,100 கட்டாயமில்லையென்றால் 50,000 வையுங்கள், மீதியில்லாமல் வகுபடும்.

கே: 3 கிலோஹெர்ட்ஸ் பதிவில் மணிக்கு 3.6 வினாடி குறைகிறது.

ப: இடைவெளியை 0.000333 என்று வெட்டி, அதையே கூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு அங்கேயே போய்விட்டது. கூட்டாதீர்கள், சாம்பிள் எண்ணை ரேட்டால் வகுங்கள்.

கே: 1 கிலோஹெர்ட்ஸ். நாலரை மணி நேரம் கழித்து அடுத்தடுத்த வரிகளில் ஒரே நேரம் விழுகிறது.

ப: நேரம் 32 பிட் ஃப்ளோட்டில் (துல்லியம் குறைந்த தசம எண் வகையில்) இருக்கிறது. 16,384 வினாடியைத் தாண்டினால் அதில் அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியே 1.95 மில்லிவினாடி. டபுளுக்கு (64 பிட்) மாற்றுங்கள்.

கே: எண்ணுவானேன்? ஒவ்வொரு சாம்பிளுக்கும் கணினி நேரத்தைப் போட்டால் போயிற்று.

ப: யு.எஸ்.பி.யில் சாம்பிள்கள் கட்டுக்கட்டாக வருகின்றன. நூறு சேர்ந்து வந்தால் நூறுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் விழும். விண்டோஸின் வழக்கமான டிக், அதாவது கணினி நேரம் நகரும் படி, வேறு 15.625 மில்லிவினாடி.

கே: நாள்கணக்கில் ஓடினால் உங்கள் எண்ணிக்கையும்தான் வழுவும். கணினியின் நேரத்தை என்.டி.பி. (நெட்வொர்க் வழியாக நேரத்தைச் சரிசெய்யும் முறை) திருத்திவிடுமே?

ப: இது நியாயமான அடி. பத்து லட்சத்தில் 50 பங்கு பிசகும் கிரிஸ்டல் (கார்டின் கிளாக்கை ஓட்டும் பகுதி) நாளுக்கு 4.32 வினாடி தள்ளும். அதனால் இரண்டும் வேண்டும். கட்டு வந்தவுடன் கடைசி சாம்பிள் எண்ணையும் கணினி நேரத்தையும் ஜோடியாகத் தனி ஃபைலில் எழுதுங்கள். பிறகு நேரம் நெட்டச்சில் வருமாறு கோடு பொருத்துங்கள். அதன் சாய்வு உண்மையான இடைவெளி. கட்டு தாமதமாகத்தான் வரும், முந்தி வராது. ஆகவே நடுவே இழுக்காமல் புள்ளிகளின் கீழ் விளிம்பை ஒட்டி இழுங்கள்.

கே: நடுவில் ஒரு கட்டு தொலைந்தால்?

ப: அதற்குப் பின் வரும் எல்லா சாம்பிளுக்கும் நேரம் முந்திவிடும். ஜோடிகளை வரைந்தால் அந்த இடத்தில் படி தெரியும். ஓவர்ரன் பிழையை (சாம்பிள்களை உடனே படிக்காததால் சில தொலைந்தன என்ற எச்சரிக்கையை) புறக்கணிக்காதீர்கள்.

கே: அதே கார்டுதான். 48,000 கேட்டால் 47,990.4 வருகிறது. பழுதா?

ப: முதல் பதிலேதான். இங்கே கார்டு வகுத்த முழு எண் 1667. மறுபடியும்: திருப்பிப் படித்ததை எழுதுங்கள்.

கே: எக்செல் பாதி ஃபைலைத்தான் காட்டுகிறது.

ப: வரி வரம்பு 10,48,576. கார்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.