மருந்தில்லாக் காலத்தில் வீடு தேடி வந்த செவிலியர்

கேள்வி: காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில், மேலை நாடுகளில் செவிலியர்கள் நோயாளிகளின் வீடுகளுக்கே சென்றார்களாமே? மருந்தில்லாமல் என்ன செய்தார்கள்? பயன் ஏதும் விளைந்ததா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: 1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த பிறகும், அதை ஒடுக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. அதுவரை மருத்துவர்கள் செய்யக்கூடியதில் முதன்மையானது நோய் பரவும் வழியை அடைப்பதே. அந்த வழியோ பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மருத்துவர் ராபர்ட் பிலிப் 1887இல் தொடங்கிய காசநோய் மருந்தகத்திலிருந்து (மருந்துக்கடை அல்ல, வெளிநோயாளிகளைப் பார்க்கும் நிலையம்) செவிலியர் நோயாளியின் வீட்டுக்குச் சென்று, எத்தனை அறைகள், எத்தனை பேர், காற்றோட்டம் எப்படி, நோயாளி எங்கே படுக்கிறார் என்றெல்லாம் விசாரித்துக் குறித்து வந்தார். குடும்பத்தார் அனைவரும் பரிசோதனைக்கு அழைக்கப்பட்டனர். அமெரிக்காவின் பால்டிமோரில், 1890களின் இறுதியில், மருத்துவப் பேராசிரியர் வில்லியம் ஆஸ்லர் தம் மாணவிகளை நோயாளிகளின் வீடுகளுக்கு அனுப்பினார். மருத்துவமனையில் தலையாட்டிக் கேட்டுக்கொண்ட அறிவுரைகளை இருண்ட, நெரிசலான அறைகளில் பின்பற்ற வழியே இல்லை என்பதை அவர்கள் நேரில் கண்டார்கள். பின்னர் அப்பணிக்கென்றே அங்கு செவிலியர் அமர்த்தப்பட்டார்.

சளியைக் காகிதக் குவளையில் துப்பி எரித்துவிடச் சொல்வதும், தனிப் படுக்கைக்கும் தனிப் பாத்திரத்துக்கும் வழி செய்வதும், இருமும் பிள்ளைகளை மருந்தகத்துக்கு அழைத்துவரச் சொல்வதும் அன்றாடப் பணிகள். பாலும் முட்டையும் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்துவிட அவர்களால் முடியவில்லை. வாங்கப் பணமில்லாத வீடுகளுக்காக அறநிலையங்களின் கதவையும் தட்டினார்கள். இந்தப் பணியின் மேன்மையே இதில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். எல்லா வீடுகளிலும் வரவேற்பு இருந்ததாகவும் நினைக்க வேண்டாம்: நோய் வெளியே தெரிந்தால் வேலை போகும், வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார் என்ற அச்சம் நியாயமானதே.

பயனைப் பொறுத்தவரை, காசநோய் மரணங்கள் குறைந்ததில் இவர்களின் பங்கு எவ்வளவு, நல்ல உணவு, நல்ல வீடு ஆகியவற்றின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது கடினம். ஆனால் நோயாளி இருக்கும் வீட்டைக் கணக்கில் கொண்டுவந்ததற்குப் பலன் கண்கூடு. நியூயார்க்கில் 1897 முதல் மருத்துவர்கள் ஒவ்வொரு காசநோயாளியையும் சுகாதாரத் துறைக்குத் தெரிவிக்க வேண்டியிருந்தது. ஏழைகள் வாழ்ந்த நெரிசலான வாடகைக் குடியிருப்புகளின் நிலையைக் காட்ட 1900இல் அங்கு நடந்த குடியிருப்புக் கண்காட்சியில், அவ்வாறு தெரியவந்த நோயாளிகள் தெரு வரைபடங்களில் கரும்புள்ளிகளாகக் குறிக்கப்பட்டனர். சில கட்டடங்களில் புள்ளிகள் மொய்த்திருந்தன. அடுத்த ஆண்டே வந்த குடியிருப்புச் சட்டம், புதிய கட்டடங்களின் ஒவ்வோர் அறைக்கும் வெளிச்சமும் காற்றும் வேண்டுமென வகுத்ததோடு, பழைய கட்டடங்களின் இருட்டறைகளிலும் சன்னல் வைக்கச் சொன்னது.