ஜனவரிக் கடிகாரமும் மே மாத வெயிலும்

கேள்வி: எனக்கு வயது 43. நான்கு ஆண்டுகளாக ஓடிவருகிறேன். கடந்த ஜனவரியில் சென்னையில் அரை மாரத்தான் தூரத்தை (21.1 கிலோமீட்டர்) 1 மணி 58 நிமிடத்தில் முடித்தேன். மே மாதம் இங்கேயே நடந்த இன்னொரு அரை மாரத்தானில் 1 மணி 55 நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று மூன்று மாதம் உழைத்தேன். ஏப்ரலில் வெயில் தாங்காமல் அலுவலக ஜிம்மில், ஏ.சி.யில், டிரெட்மில்லில் ஓடினேன். போட்டி அதிகாலை 5.30 மணிக்குத் தொடங்கியது. முதல் 10 கிலோமீட்டரை 54 நிமிடத்தில் கடந்துவிட்டேன். நேரம் வீணாகும் என்று முதல் இரண்டு இடங்களில் தண்ணீருக்கு நிற்கவில்லை. 12 கிலோமீட்டருக்குப் பிறகு கால் கனத்தது. 17-இல் கையெல்லாம் புல்லரித்துக் குளிர்வதுபோல் இருந்தது. மீதித் தூரத்தை நடந்தே கடந்தேன். 2 மணி 31 நிமிடம். முடிவுக்கோட்டில் காத்திருந்த என் 11 வயது மகன், "ஏன் அப்பா நடந்து வந்தீர்கள்?" என்று கேட்டான். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மூன்று வாரமாக ஷூவைத் தொடவில்லை. வயதாகிவிட்டதா? இதோடு நிறுத்திவிடட்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், குரோம்பேட்டை

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில்தான் என் கண் நின்றது. 17-ஆவது கிலோமீட்டரில் புல்லரித்துக் குளிர்ந்தது என்றீர்களே, அந்த வரி. மே மாதத்துச் சென்னையில், காலை ஏழு மணி வெயிலில், ஒன்றரை மணி நேரத்துக்கும் மேல் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனுக்குக் குளிர வேண்டிய காரணமே இல்லை. உடம்பின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறத் தொடங்கும்போது வரும் எச்சரிக்கைகளில் அதுவும் ஒன்று. அதற்கு மேலும் விரட்டியிருந்தால் தலைசுற்றல், வாந்தி, பேச்சுக் குழறல் என்று போய், ஆம்புலன்ஸில் முடிந்திருக்கலாம். நீங்கள் ஓட்டத்தை விட்டு நடந்தீர்கள். அந்தக் காலையில் நீங்கள் எடுத்த முடிவுகளிலேயே மிகச் சரியானது அதுதான். அதற்காகவா மூன்று வாரமாக வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறீர்கள்?

வயதுக்கு வருகிறேன். ஜனவரிக்கும் மே மாதத்துக்கும் இடையில் உங்களுக்கு நான்கு மாதம்தான் கூடியிருக்கிறது. நான்கு மாத வயது 33 நிமிடத்தைத் தின்றுவிடாது. தின்றது வெயில். அதைவிட, காற்றிலிருந்த ஈரம்.

ஓடும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகத்தான் வெளிப்படுகிறது. அந்த வெப்பத்தை வெளியேற்ற உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. வியர்வை வழிந்தால் போதாது, ஆவியாக வேண்டும். கத்திரி வெயில் நாட்களில் சென்னையில் விடியற்காலையிலேயே வெப்பம் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். கடலோரக் காற்றும் ஈரத்தில் நனைந்து கிடக்கும். அன்று முழங்கை நுனியிலிருந்து வியர்வை சொட்டுச்சொட்டாக விழுந்திருக்கும், ஷூவுக்குள் காலுறை நனைந்து ஒவ்வொரு அடிக்கும் சளக் சளக் என்று சத்தம் கேட்டிருக்கும். அப்படித் தரையில் விழுந்த ஒவ்வொரு சொட்டும் உங்களைக் குளிர்விக்காமலே போன சொட்டு. உடம்பு என்ன செய்யும்? தோலுக்கு இன்னும் அதிக ரத்தத்தை அனுப்பும். தசைக்கும் ரத்தம் வேண்டும், தோலுக்கும் வேண்டும். வியர்த்துக் கொட்டியதில் ரத்தத்தின் நீரளவோ குறைந்துகொண்டே வரும். அதே வேகத்துக்கு இதயம் கூடுதலாகத் துடித்தாக வேண்டும். 12 கிலோமீட்டருக்குப் பிறகு கால் கனத்தது அதனால்தான்.

இது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது என்று நினைக்காதீர்கள். 2019-இல் தோஹாவில் நடந்த உலகத் தடகள சாம்பியன்ஷிப்பில், வெயிலுக்குப் பயந்து பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினார்கள். அப்போதும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல், ஈரப்பதமும் அதிகம். ஓடத் தொடங்கியவர்கள் 68 பேர், முடித்தவர்கள் 40 பேர். அத்தனை பேரும் தங்கள் நாட்டின் தலைசிறந்த வீராங்கனைகள். தங்கம் வென்ற கென்யாவின் ரூத் செப்ன்கெட்டிச் எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 32 நிமிடம் 43 விநாடி. அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் அவர் ஓடியது 2 மணி 17 நிமிடம் 8 விநாடி. பதினைந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம்! யாரும் அவருக்கு வயதாகிவிட்டது என்று சொல்லவில்லை. கழுத்தில் தங்கப் பதக்கம் போட்டார்கள்.

ஆனாலும் எல்லாப் பழியையும் வெயில்மேல் போட்டால் நான் உங்களுக்கு உண்மையானவனாக இருக்க மாட்டேன். மூன்று தவறுகள் உங்களுடையவை.

முதல் தவறு, டிரெட்மில். வெயிலுக்குத் தப்பி ஏ.சி. அறைக்குள் போனது இயல்புதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் ஏப்ரல் முழுக்க உங்கள் கால்கள் மட்டும்தான் பயிற்சி எடுத்தன. தோலும் வியர்வைச் சுரப்பிகளும் எடுக்கவில்லை. தினமும் சிறிது நேரம் வெப்பத்தில் உழைத்தால் பத்துப் பதினான்கு நாளில் உடம்பு பழகிவிடும்: சீக்கிரமே வியர்க்கத் தொடங்கும், வியர்வையில் உப்பு குறையும், ரத்தத்தில் நீரளவு கூடும். இந்தப் பாடத்தை ஏ.சி. கற்றுத்தராது.

இரண்டாவது, அந்த 54 நிமிடம். கிலோமீட்டருக்கு 5 நிமிடம் 24 விநாடி. ஜனவரியில் ஓடியதைவிட வேகம், 1 மணி 55 நிமிடத்துக்குத் தேவையானதையும்விட வேகம். மே மாதத்தில் இது கடன் வாங்கிச் செலவழிப்பது. 12-ஆவது கிலோமீட்டரில் கடன்காரன் வந்து நின்றான். வெயில் காலப் போட்டியில் கிலோமீட்டருக்கு முப்பது விநாடியாவது கூடுதலாக எடுத்துக்கொண்டு, மெதுவாகத் தொடங்குங்கள். பக்கத்தில் ஓடுபவரிடம் ஒரு முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால், கைக்கடிகாரம் என்ன காட்டினாலும் அந்த வேகம் உங்களுக்கு அதிகம்.

மூன்றாவது, தண்ணீர். இரண்டு இடங்களிலும் நின்றிருந்தால் அரை நிமிடம் போயிருக்குமா? ஆனால் இதைப் படித்துவிட்டு அடுத்த முறை குடம் குடமாகக் குடிக்கவும் வேண்டாம். அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். அதனால் உயிரிழந்த ஓட்டக்காரர்களும் உண்டு. உங்கள் அளவை நீங்களே கண்டுபிடிக்க ஒரு எடை மெஷின் போதும். ஓடப் போகுமுன் ஒரு முறை, வந்து வியர்வையைத் துடைத்துவிட்டு ஒரு முறை எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால், வழியில் குடித்தது போக, ஏறத்தாழ ஒரு லிட்டர் பாக்கி. கருப்புச் சட்டை காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், நீங்கள் உப்பையும் நிறைய இழப்பவர். வீடு திரும்பியதும் உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ குடியுங்கள். காசு கொடுத்து வாங்கும் வண்ணப் பானங்களைவிட எனக்கு இவற்றில்தான் நம்பிக்கை.

நிறுத்திவிடட்டுமா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஆனால் 43 வயதில், உடம்பு ஒரு முறை எச்சரித்த பிறகு, மருத்துவரிடம் போகாமல் ஓடத் தொடங்காதீர்கள். புல்லரித்ததை மறைக்காமல் சொல்லுங்கள், ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுங்கள். அவர் சரி என்றதும் விடியுமுன் அரை மணி நேரம், கைக்கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டு, மெதுவாக ஓடுங்கள். இரண்டு வாரம் அவ்வளவு போதும். அதன்பின் தூரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். 1 மணி 55 நிமிட ஆசையை டிசம்பர், ஜனவரிக்குத் தள்ளிவையுங்கள். அந்தக் குளிர் உங்களுக்கு உதவும்.

மகனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை அல்லவா? இன்றிரவு சாப்பிட உட்காரும்போது சொல்லிவிடுங்கள். உடம்பு திடீரென்று சில்லிட்டது, அதனால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நடந்தேன், நீ காத்திருந்ததால் மெதுவாகவாவது வந்து சேர்ந்தேன் என்று. பதினோரு வயதுப் பிள்ளைக்கு அது புரியும்.